பனிக்கு வயது பார்த்துப் பூம்புகாருக்கு ஜாதகம்

சென்ற இதழில் பூம்புகாரின் வயதைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வாசகனாக. இரண்டாம் முறை, முப்பது வருடம் நிலவியல் பாடம் நடத்தியவனுக்கே உரிய கெட்ட பழக்கத்தோடு, சிவப்பு மைப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு. எட்டுப் பக்கக் கட்டுரையின் சரக்கு நாலு வரியில் அடங்கிவிடும். பனியுகத்துப் பனிப்பாளங்கள் எப்போது உருகின என்று விஞ்ஞானிகள் கணித்துவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி இன்று 23 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் தரை சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் போனது. பூம்புகாருக்கு எதிரே 23 மீட்டர் ஆழத்தில் ஒரு கட்டுமானம் கிடக்கிறது. ஆகவே பூம்புகாருக்கு வயது 11,000. மிச்சமுள்ள ஏழே முக்கால் பக்கமும் மேளச் சத்தம்.

கணக்கும் கட்டுரையாளருடையதல்ல. பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் 2001ல் பூம்புகாருக்கு வந்து, தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தாரோடு கடலில் மூழ்கிப் பார்த்தார். அடுத்த வருடம் ‘அண்டர்வேர்ல்டு’ என்று தடித்த புத்தகம் ஒன்று போட்டார். பனி உருக உருக உலகக் கரையோரங்கள் எப்படி மாறின என்று கணினியில் கணக்கிடும் கிளென் மில்ன், அப்போது டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், அவருக்கு வரைபடங்கள் கொடுத்தார். 23 மீட்டர் என்றால் சுமார் 11,000 ஆண்டு என்ற எண் அங்கிருந்து வந்தது. நம் கட்டுரையாளர் ஹான்காக்கின் பெயரை மறந்தும் சொல்லவில்லை. மேலை அறிவியல் உறுதிசெய்துவிட்டது என்கிறார். இருபது வருடத்துக்கு முந்தைய சாம்பாரைச் சுடவைத்துப் பரிமாறுகிறவர், சமைத்தவர் பெயரையாவது சொல்லியிருக்கலாம். அதையும் பத்திரமாகச் சுடவைக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் 11,000 ஆண்டுகளுக்கு முன் என்று இருந்தது ஐந்தாம் பக்கத்தில் கி.மு. 11,000 ஆகிவிட்டது. காலக்கணிப்பில் ‘இன்றைக்கு முன்’ என்றால் 1950லிருந்து பின்னோக்கி எண்ணுவது. 11,000 ஆண்டுக்கு முன் என்பது ஏறத்தாழ கி.மு. 9,000. மூன்று பக்கம் புரட்டுவதற்குள் தமிழர் வரலாற்றுக்கு இரண்டாயிரம் ஆண்டு இனாம்.

இனாம் போகட்டும். என்னை உண்மையில் எரிச்சல்படுத்தியது ஆறாம் பக்கம். அங்கே, அவர் வசதிக்கு ஒத்துவராத தேதிகளை ஒதுக்குவதற்காக, விஞ்ஞானிகள் பனி பின்வாங்கிய தேதியைத் தாங்களே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், இதெல்லாம் உத்தேசம் என்று எழுதுகிறார். முதல் பக்கத்தில் பனிக்கடிகாரம் சத்தியவாக்கு, ஆறாம் பக்கத்தில் அதே கடிகாரம் ஓட்டை. ஏறுவதற்கு வைத்த ஏணியை மேலே போனதும் எட்டி உதைக்கிறவர், எதன் மேல் நிற்கிறோம் என்று ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம்.

அந்தத் தேதிகள் ஏன் மாறின? கதை சுவாரசியமானது, அவர் அதைத் தெரிந்துகொள்ள முயலவே இல்லை.

ஸ்வீடன்காரர் ஜெரார்டு டி யேர் பனி உருகிய ஏரிகளின் களிமண்ணைத் தோண்டினார். கோடையில் உருகுநீர் வேகமாக வரும், பருமணல் படியும். குளிர்காலத்தில் ஏரி உறைந்திருக்கும், மேலே மிதந்த நுண்துகள் மெல்ல இறங்கிப் படியும். பருமண் ஒன்று, நுண்மண் ஒன்று, சேர்ந்தால் ஒரு வருடம். கோலமாவைச் சலித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பனியின் விளிம்பு வடக்கே நகர நகர, புதிதாக வெளிப்பட்ட இடத்தில் அடுக்குகள் தொடங்கும். இப்படி ஊர் ஊராக அடுக்குகளை ஒட்டிப்பார்த்து, ஸ்வீடனைவிட்டுப் பனி விலகத் தொடங்கியதிலிருந்து 12,000 ஆண்டுகளை எண்ணினார். இதையே அமெரிக்காவில் செய்தவர் எர்ன்ஸ்ட் ஆன்டெவ்ஸ். ஆனால் அங்கே அடுக்குகளுக்கு நடுவே பெரிய இடைவெளிகள். இடைவெளிக்குள் எத்தனை வருடம் என்று ஊகிக்கத்தான் வேண்டும். அமெரிக்கப் பனிப்பாளம் கடைசியாக ஒருமுறை முன்னேறியது சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் என்பது அன்றைய நிலவியலாளர் பலரின் மதிப்பீடு.

பிறகு வில்லார்டு லிபி வந்தார். 1949ல் ரேடியோ கார்பன் முறை. விஸ்கான்சினில் மிச்சிகன் ஏரிக்கரையில் டூ கிரீக்ஸ் என்ற இடத்தில் ஒரு பழங்காடு புதைந்து கிடந்தது. பனி முன்னேறி வந்தபோது சாய்ந்து மண்ணுக்குள் போன ஊசியிலை மரங்கள். அந்த மரத்தைச் சோதித்தால் வந்த வயது ஏறக்குறைய 11,400. பாதிக்கும் கீழே! ஆன்டெவ்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை, சண்டை பிடித்தார். இன்று அதே காட்டுக்கு நாம் சொல்லும் வயது 13,500க்கும் 14,000க்கும் இடையில்.

ஆக, 25,000 என்றார்கள், 11,400 என்றார்கள், இப்போது 14,000 பக்கம் நிற்கிறார்கள், சிரியுங்கள் என்கிறார் கட்டுரையாளர். சிரிப்பதற்கு முன் ஒரு நிமிஷம். முதல் எண் இடைவெளியை ஊகித்தது. இரண்டாவது எண் அளந்தது, ஆனால் காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவு எக்காலமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு அளந்தது. அது ஒன்றே அல்ல என்பதை மரவளையங்கள் காட்டிக்கொடுத்தன. மரவளையம் எட்டாத தூரத்துக்குப் பவளம் உதவியது. பார்படோஸ் கடலடியில் துளையிட்டு எடுத்த பவளங்களை வைத்து, பனியுக உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்ததென்று ரிச்சர்டு ஃபேர்பாங்ஸ் 1989ல் காட்டினார். மறு வருடம் எடுவார்டு பார் என்ற பிரெஞ்சுக்காரரும் கூட்டாளிகளும் அதே பவளங்களை யுரேனியம், தோரியம் கொண்டு கணித்தபோது, 20,000 ஆண்டுப் பக்கம் ரேடியோ கார்பன் 3,500 ஆண்டு வரை குறைத்துச் சொல்வது தெரிந்தது. ஒரு கடிகாரத்தை இன்னொரு கடிகாரத்தோடு ஒட்டிப்பார்த்து, எது எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று குறித்து வைத்தார்கள். அந்தத் திருத்தத்தையும் சேர்த்துச் செய்த கணக்கில்தான் கட்டுரையாளரின் செல்ல எண்ணான 11,000 கிடைத்தது. திருத்தியவனைத் திட்டிக்கொண்டே திருத்திய கணக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

இப்போது பாறையையே கேட்கவும் வழி வந்திருக்கிறது. பனி இழுத்துவந்து போட்ட பாறாங்கல் பனிக்கு அடியில் இருந்தவரை விண்வெளிக் கதிர் அதன்மேல் படாது. பனி விலகித் தலைகாட்டிய நாளிலிருந்து அதன் குவார்ட்ஸில் பெரிலியம்-10 சேரத் தொடங்கும். கடல்மட்டத்தில் ஒரு கிராமுக்கு வருடத்துக்கு நாலைந்து அணு, அவ்வளவுதான். அதை எண்ணுகிறார்கள். கல் நடுவில் உருண்டிருந்தால் வயது குறையும். முன்பே ஒருமுறை வெயில் கண்டிருந்தால் கூடும். அதனால் ஒரு கல்லை நம்பாமல் பல கல்லை எடுத்து, வரிசைக்கு ஒவ்வாததை ஏன் ஒவ்வவில்லை என்று கேட்கிறார்கள். ஒரு பாறாங்கல்லுக்கே இத்தனை குறுக்கு விசாரணை. பூம்புகாரின் குதிரை லாடத்துக்கு ஒன்றும் கிடையாது.

அந்த லாடம்தான் என்ன? எஸ்.ஆர். ராவ் தலைமையில் நடந்த கடலாய்வில், 1991ல் கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், ஒலியலைக் கருவியில் லாட வடிவில் ஒன்று தெரிந்தது. 1993ல் மூழ்கிப் பார்த்தார்கள். இரண்டு மீட்டர் உயரம், மொத்த நீளம் 85 மீட்டர் அளவில். மேலே கடல்பாசி, கிளிஞ்சல். மனிதன் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்ற கேள்வியே இன்னும் மூடவில்லை. அதற்குள் கட்டுரையாளர் அந்த வீட்டுக்குக் குடி வைத்து, ஓட்டு வாங்கிவிட்டார். அதிலிருந்து எடுத்து நாள் பார்த்த ஒரு பானை ஓடோ கரித்துண்டோ இவர் வாதத்திலும் இல்லை, ஹான்காக் வாதத்திலும் இல்லை. இருப்பது ஆழம் மட்டும்.

ஆழம் வயதாகுமா? கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று வந்ததைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ல் வெளியிட்டது. அந்த வயதைச் சொன்னது 353 என்ற எண்ணா? அந்த அடுக்கில் கிடந்த கரி. கரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், அளவு நாடாவை அல்ல. நிலத்தில் செல்லாத முறை தண்ணீருக்குள் போனதும் செல்லுபடியாகும் என்றால், நாளைக்கு என் வீட்டுக் கிணற்றடியில் விழுந்த வாளிக்கும் சங்ககாலம் என்று சான்றிதழ் கேட்பேன்.

பனிக்கடிகாரம் சொல்வது இதை: உலகத்துப் பனியில் இவ்வளவு உருகியது, அதனால் கடல் இவ்வளவு ஏறியது. உங்கள் ஊர்த் தரை அந்தக் காலமெல்லாம் அசையாமல் இருந்ததா என்பதை அது சொல்லாது. ஸ்வீடனின் வடகிழக்கே லூலியோ என்ற துறைமுக ஊர். ஒரு காலத்தில் பனியின் பாரத்தால் அமிழ்ந்த தரை, பாரம் போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகளான பின்னும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. துறைமுகம் ஆழம் குறைந்து கப்பல் வரமுடியாமல், 1649ல் ஊரையே கடல் பக்கமாக நகர்த்தினார்கள். உலகக் கடல் எல்லாம் ஏறி முடிந்து ஆயிரக்கணக்கான வருடம் கழித்து, அங்கே கடல் இறங்கியது. நம் கட்டுரையாளரை லூலியோவுக்கு அனுப்பினால் ஊரின் வயதை எந்தப் பக்கம் எண்ணுவாரோ.

காவிரிப் படுகையில் கதை தலைகீழ். ஆறு கொண்டுவந்து கொட்டிய சேறு தன் எடையாலேயே அமுங்கும், தரை தாழும். மில்னின் மாதிரி இந்த உள்ளூர்ச் சேற்றைக் கணக்கில் சேர்க்காது, சேர்ப்பதாகச் சொல்லவும் இல்லை. இதோடு கரை அரிப்பு. பூம்புகாரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் தரங்கம்பாடி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கோயிலுக்கு எழுநூறு வயது. அது மூழ்க எந்தப் பனிப்பாளம் உருகியது?

தரங்கம்பாடி வரை போவானேன். இந்தப் பத்திரிகை கைக்குக் கை மாறும் புதுச்சேரியில், கடற்கரைச் சாலையில் மாலை நடை போகிற, ஐம்பதைத் தாண்டிய யாரையும் நிறுத்திக் கேளுங்கள். சாலைக்குக் கிழக்கே மணல் இருந்தது. 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கருங்கல் தடுப்புகளை நீட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடல் ஓயாமல் தள்ளிக்கொண்டு போகும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே நகரத்துக்கு மணல் வரவில்லை. இருந்ததையும் அலை எடுத்துக்கொண்டது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று வரிசையாகக் கல் கொட்டினார்கள். கல் கொட்டக் கொட்ட, அதற்கும் வடக்கே தமிழ்நாட்டுக் குப்பங்களில் வீடுகள் போயின. பிறகு சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை இறக்கியது. கொஞ்சம் மணல் திரும்பி வந்தது, இப்போது அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நம் கண்ணெதிரே, ஒரு மனிதனின் பணிக்காலத்துக்குள், கடல் வந்தது, போனது. 1866ல் கட்டிய பழைய பாலத்தை 1952 புயல் கொண்டுபோனது. அதன் இரும்புத்தூண் ஒன்று நாளைக்கு ஆழத்தில் கிடைத்தால், ஆழத்தை அளந்து அதற்கும் வயது எழுதுவாரா?

கடல் ஒரே இரவில் விழுங்கியது என்று கட்டுரையாளர் மூன்று இடத்தில் எழுதுகிறார். பனிப்பாளங்கள் மிக வேகமாகக் கரைந்த காலத்தை டஹிட்டிப் பவளங்களிலிருந்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012ல் துல்லியப்படுத்தினார்கள்: 14,650 முதல் 14,310 ஆண்டுகளுக்கு முன்வரை. அந்த 340 ஆண்டில் கடல் ஏறியது 14 முதல் 18 மீட்டர். வருடத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர். பள்ளிக்கூடப் பிள்ளை வருடத்துக்கு இதைவிடக் கூடுதலாக வளரும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நம் கரைக்கடல் சரிவு மிகத் தட்டை. உயரத்தில் நாலு சென்டிமீட்டர் என்றால், தரையில் பல மீட்டர் பின்னுக்குப் போக வேண்டும். அன்று கரையில் யாராவது குடிசை போட்டிருந்தால் வாழ்நாளில் பலமுறை பிரித்துக் கட்டியிருப்பார்கள். கடல் கொண்ட நிலத்தின் நினைவு பாட்டன் பூட்டன் வழி வந்திருக்கலாம் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். நினைவுக்குத் தேதி எழுதி முத்திரை குத்தும்போதுதான் வருகிறேன்.

அப்படிக் குத்தியதில் அவர் மணிமேகலையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறார். இந்திரவிழா நின்றதால் கடல் பூம்புகாரைக் கொண்டது என்று காப்பியம் சொல்கிறதாம். சொல்கிறதுதான். ஆனால் அந்தப் பூம்புகாரில் சோழ மன்னன் இருக்கிறான், பௌத்தத் துறவிகள் இருக்கிறார்கள். புத்தர் பிறந்து இரண்டாயிரத்தைந்நூறு வருடம்தான் ஆகிறது! சாட்சி சொன்னதை நம்பினால் 11,000 போய்விடும். 11,000ஐ நம்பினால் சாட்சி பொய்யாகிவிடும். இவருக்கு இரண்டும் வேண்டும். இறையனார் களவியல் உரையின் மூன்று சங்கக் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறார்: 4,440, 3,700, 1,850, மொத்தம் 9,990. அது 11,000க்கு அருகில் வருகிறதாம். அருகில் வருவதெல்லாம் சான்று என்றால் என் தொலைபேசி எண்ணிலும் ஒரு சங்கத்தைக் கண்டுபிடிக்கலாம்.

நிலத்தில் கிடைத்ததோ தெளிவாகப் பேசுகிறது. கீழையூரில் தொல்லியல் துறை கண்ட படகுத்துறையின் மரத்தூண்கள் கிறிஸ்துவுக்கு மூன்று, நான்கு நூற்றாண்டு முந்தையவை. கரையோரத்து ஆழமற்ற நீரில் செங்கல் கட்டடங்கள், உறைகிணறுகள். எல்லாம் அந்தக் காலமும் அதற்குப் பின்பும். இருபத்து மூன்று நூற்றாண்டுப் பழமையுள்ள துறைமுகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது போதாது என்று அழுகிறவர்களை என்ன சொல்ல.

சமீபத்தில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துத் தொலையுணர்வு ஆய்வாளர்கள் சொன்னதையும் அவர் துணைக்கு இழுக்கிறார். இன்றைய ஊரிலிருந்து 30, 40 கிலோமீட்டர் கடலுக்குள் 15,000 ஆண்டுப் பழைய துறைமுகம் என்று 2023ல் செய்தி வந்தது. படித்தவர்கள், கருவி வைத்திருப்பவர்கள், மரியாதையோடு சொல்கிறேன். கடலடித் தரைப் படத்தில் நேர்கோடு தெரிந்தால் அது வடிவம். அதற்கு 15,000 என்று வயது கொடுத்தது எது? மறுபடியும் ஆழம், மறுபடியும் பனிக்கடிகாரம். உலகில் எங்கும் உழவே தொடங்காத காலத்துக்கு ஒரு துறைமுகம் வேண்டுமென்றால், படத்தைத் தாண்டி ஒரு செங்கல்லாவது வேண்டும்.

செங்கல் இல்லாமல் மரக்கட்டை கிடைத்தபோது என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். காம்பே வளைகுடாவில் 30, 40 மீட்டர் ஆழத்திலிருந்து வாரி எடுத்த மரத்துண்டு ஒன்றுக்குச் சுமார் 9,500 ஆண்டு என்று வந்தது. 2002 ஜனவரியில் மத்திய அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி நாட்டுக்கே அறிவித்தார். அலைவேகம் மிகுந்த அந்த வளைகுடாவில் மரக்கட்டை எங்கிருந்தும் வந்திருக்கலாம். 9,500 என்பது அந்த மரம் செத்த நாள். நகரம் பிறந்த நாள் அல்ல.

பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் நம் பழமையை மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டை நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பேன், அரிக்கமேட்டைத் தொடாமல் இருந்திருந்தால். 1945ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியில் எப்போது செய்தார்கள் என்று தெரிந்த சிவப்புப் பானை ஓடு, உள்ளூர்ப் பானையோடு அதே அடுக்கில் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதல் உறுதியான தேதி அந்த ஓட்டிலிருந்து வந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர் கஸால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தோண்டி, ஊர் வீலர் சொன்னதைவிடப் பழையது என்று காட்டினார். மறைக்கவில்லை, தள்ளிப்போட்டார்கள், அதுவும் பின்னோக்கி. ஒவ்வொரு முறையும் கையில் ஓடு இருந்தது.

நம் புதுச்சேரிக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர்களில் எனக்குப் பிடித்தவர் லெ ழாந்தில் என்ற வானியலாளர். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760ல் கப்பல் ஏறினார். 1761ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் போய்விட்டிருந்தது. கடலிலேயே நின்று, ஆடும் கப்பலில் அளக்க முடியாமல் விட்டார். திரும்பிப் போகாமல், அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் இந்தக் கடல்களில் காத்திருந்தார். 1769 ஜூனில் இங்கே தொலைநோக்கியோடு உட்கார்ந்த அந்த விடியற்காலையில் மேகம் மூடிக்கொண்டது. அவர் பார்த்ததாக எழுதவில்லை. மேகம் என்றே எழுதினார்.

பனியுகம் நம் மண்ணில் என்ன செய்தது என்று கட்டுரையாளருக்கு உண்மையிலேயே ஆவல் இருந்தால் கடலுக்கே போக வேண்டாம். நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில் இருபதாயிரம் ஆண்டுப் பழைய பீட் மண் அடுக்கடுக்காக இருக்கிறது. அங்கே பனிப்பாளம் இல்லை. ஆனால் வடக்கே பனி உச்சத்தில் இருந்தபோது வறட்சியைத் தாங்கும் புல் மலையில் பரவியதும், பனி பின்வாங்கி மழை பலத்தபோது வேறு தாவரங்கள் வந்ததும் அந்த மண்ணில் எழுதியிருக்கிறது. கார்பனை அளந்து சுகுமாரும் ரமேஷும் கூட்டாளிகளும் 1993ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1988ல், அந்த மண்ணின் மகரந்தத்தை எண்ணிப் பார்த்தவர் வசந்தி. நம் ஊர் பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தவர். 1955ல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் தணிகைமணி சேர்த்துவைத்த மகரந்தச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மனிதன் காட்டை வெட்டினால், தானியம் விதைத்தால், தீ மூட்டினால், அந்தப் பக்கத்துச் சேற்றில் மகரந்தமும் கரித்தூளும் மாறும். 11,000 ஆண்டுக்கு முன் பூம்புகாருக்கு வெளியே நகரம் இருந்தால் அதைச் சுற்றி வயல் இருந்திருக்கும். வயல் இருந்தால் சேறு சொல்லிவிடும்.

கடற்கரைச் சாலையிலிருந்து சேன் லூயி வீதிக்குள் திரும்பினால் நிறுவனம் வந்துவிடும். அந்த லாடத்துக்குப் பக்கத்திலிருந்து, அடுக்கு கலையாமல், குழாய் இறக்கி எடுத்த சேறு வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு தேக்கரண்டி போதும்.